நாற்பத்து நான்காவது விரல்

சங்கக் கூட்டம், ஞாயிறு பத்து மணி என்று போட்டேன்.
அறுபத்தோரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்,
மஞ்சளாய், மொழுமொழுவென்று, ரேகையே இல்லாமல்.
காவேரிப்பட்டணம் ஆபீஸில் இரண்டு பாய் விரித்துக் காத்திருந்தேன்.
ஏழு பேர் வந்தார்கள்.
டீச் செலவு மிச்சம்.

மாங்கூழ் ஃபேக்டரி ஓடும் வரைக்கும்தான்
எங்கள் குரூப்புக்கு உயிர்.
ஆடி பிறந்தால் பாதிப்பேர் பெங்களூருக்குச் சித்தாளாக,
மீதிப்பேர் குட் மார்னிங் ரோஜாவுக்கு.
நான் அட்மின்.
பூவைத் திட்டித் திட்டி அலுத்துப்போனவள்.

வைகாசிக் கடைசியில் ஒரு ராத்திரி, பதினொன்றேகால்.
இதுவரை ஒரு எழுத்தும் போடாத சந்தூர் மாதேவி
ஒரு போட்டோ போட்டாள்.
கட்டைவிரல். நிஜமானது.
மாம்பால் பட்டு வெந்து
வெங்காயச் சருகாய்த் தோல் பிரிந்தது.
கூடவே ஏழு செகண்ட் குரல்:
"மெஷினு என்னை யாருன்னே தெரியலங்குது.
அரைநாள் கட் பண்ணிட்டாங்க."
பின்னால் யாரோ இருமுகிறார்கள்.

எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று
நான் ஒரு பத்தி அடித்துக்கொண்டிருந்தேன்.
முடிப்பதற்குள் பவுனம்மாவின் விரல்.
அப்புறம் நரசம்மா, கத்தி கீறிய தழும்போடு.
பெயர் பதியாத ஓர் எண்ணிலிருந்து
நகக்கண்ணெல்லாம் பெங்களூரா மாங்காய்க் கறை.
நாகவேணி ஃபிளாஷ் போட்டு எடுத்தது
விரலா கிழங்கா, தெரியவில்லை.
ஒருத்தி இரண்டு கையும் அனுப்பினாள்.
பத்தியை அழித்தேன்.
விடியும்போது நாற்பத்து மூன்று.
ஒரு ரோஜாவும் வரவில்லை.

ஷிஃப்டுக்கு முன்னால் கேட்டில் நின்றோம்.
மேனேஜர் என் போனை வாங்கி
தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
"எது யாரோட விரல்?"
"உங்க மெஷினுக்கே தெரியலையே சார்,"
என்றாள் நரசம்மா.
மாங்காய் லாரி டிரைவர்தான் முதலில் சிரித்தது.
மறுநாள் ஒரு நோட்டு வந்தது, நூல் கட்டிய பேனாவோடு.
மாதேவியின் அரைநாள் இன்னும் வரவில்லை.

இதைச் சொல்லாமல் விட மனமில்லை:
அன்று மத்தியானம் இன்னொரு விரல் வந்து விழுந்தது.
ஒட்ட வெட்டிய நகம், கறையில்லை.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஒரு ரேகைகூட அழியவில்லை,
பழத்தைத் தொட்ட கையே இல்லை அது.
யார் சேர்த்தது, எப்போதிலிருந்து படிக்கிறது?
சூப்பர்வைசர் முனிராஜ் என்கிறாள் பவுனம்மா.
வேவா வெட்கமா என்று கேட்டால்
அவளுக்கும் தெரியாது.

நீக்கிவிடவா என்று குரூப்பிலேயே கேட்டேன்.
எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நீல டிக்.
ஒருவரும் பதில் போடவில்லை.
அந்த விரலும்.