மூன்றாம் பாடத்தின் கதவு

வாட்சோவிலிருந்து எழுதியிருக்கிறார் ஓட்வார்,
நண்டு ஆலையில் இரவு வேலை.
"மூன்றாம் பாடத்தில் மட்டும்
ஒன்பது முறை 'சும்மா' என்கிறீர்கள்.
சும்மா ஒரு நிபந்தனை போடுங்கள்,
சும்மா சாவியின் பெயரைக் கொடுங்கள்.
எனக்குச் சும்மா வரவில்லை.
நான்கு இரவாக என் வீரன்
சாவியும் கையுமாய்
கதவை முட்டிக்கொண்டு நிற்கிறான்.

இங்கே புது ஆளுக்கு
கத்தி பிடிப்பதை அப்புறம்தான் காட்டுவோம்.
முதலில், விரலை எங்கே வைக்கக் கூடாது என்று."

எரிச்சல்தான் வந்தது.
தானமாய்க் கொடுத்த மாட்டின்
பல்லைப் பிடித்துப் பார்க்கிறார் மனிதர்.
இருந்தாலும், ட்ரொம்சோவில் அன்று
பகல் என்று சொல்ல ஒன்றுமில்லாத பகல்.
தூர்டிஸின் புது மடிக்கணினியைக் கேட்டு வாங்கி
என் பாடத்தை நானே
எழுத்து விடாமல் தட்டினேன்.

கதவு திறக்கவில்லை.

ஆறு வருடம் முன்பு எழுதி மறந்துபோன
இருபது வரிக் கோப்பு ஒன்று
என் கணினியில் மட்டும்
பின்னால் நின்று
தாழ்ப்பாளை விலக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.
அதைத்தான் என் விளக்கத்தின் தெளிவு
என்று நினைத்திருந்தேன்.

கோப்பைப் பாடத்தில் சேர்த்தேன்.
எட்டுச் 'சும்மா'வை எடுத்தேன்.
ஒன்பதாவது,
"சேமித்துவிட்டுச் சும்மா இருங்கள், ஒரு நொடி ஆகும்."
அது இருக்கட்டும்.

வியாழன் காலை பதில்:
"திறந்துவிட்டது!
ஆலைக் கேன்டீனில் கத்தியே விட்டேன்.
ஆனால் உள்ளே போனதிலிருந்து வீரன்
கீழே விழுந்துகொண்டே இருக்கிறான்.
நான்காம் பாடத்தில்
தரை உண்டா?"