பராமரிப்பாளர் வரி

கொக்குவில், ரியூசன் கொட்டிலின் பின்னறை.
வெளியீட்டுக்கு இரண்டு நாள்.

"அந்தப் பழைய விசைப்பலகைப் பொதியைத் தூக்குவம்,
மூண்டு வருசமாய் ஒருத்தரும் தொடேல்லை"
என்கிறான் நிரூசன்.
தொடாதவரின் பெயர் மட்டும்
பராமரிப்பாளர் வரியில் அப்படியே: கெங்காதரன்.
மடலுக்குப் பதிலில்லை.
கனடாவில் இரவு வேலை என்கிறார்கள்.
சும்மா விட்டிட்டார் என்றும்.

துவாரகா வழுப் பட்டியலைத் திறக்கிறாள்.
ஒரேயொரு முறைப்பாடு, சுன்னாகத்து அச்சகத்திலிருந்து:
"ஞௌ விழுகுதில்லை."

ஞௌவில் தொடங்க என்ன சொல் இருக்கு?
ஆளாளுக்கு வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறோம்,
பூனைகள் மாதிரி.
ஒன்றும் அகப்படவில்லை.
ஆனாலும் அங்கே ஒருவர்
அதை அடித்துப் பார்த்திருக்கிறார்.

கரண்ட் போகிறது.
மடிக்கணினியில் பதினொரு வீதம்.
வெளியீடு ஒரு கிழமை பிந்தும் என்று எழுதிவிட்டு
கெங்காதரனை அழிக்காமல்
கீழே தன் பெயரைத் தட்டுகிறாள் துவாரகா.

நிரூசன் இருட்டில் இன்னும் சொல் தேடுகிறான்.