கை எண்ணுபவள்

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
நீள மேசை போட்டிருந்தார்கள்.
ஆரென்பிரூக் நகரக் கூட்டம்.
ஒரே ஒரு பொருள்:
ரயில் நிலையத்திலிருந்து பதினொரு நிமிட நடையில்
கிடக்கிற சின்ன விமான நிலையம்
இருக்கலாமா, போகலாமா.

மூன்றாம் பகுதிக்குக் கை எண்ண
ஆள் வேண்டும் என்றார் தலைவி.
"கடிகாரத் தொழிற்சாலையில் திருகாணி சரிபார்க்கும்
ஞானரூபி இருக்கிறாரே!"
சபை சிரித்தது.
என் கடவுச்சீட்டு சிவப்பாகி எட்டு மாதம்.
ஒரு பென்சிலும் துண்டு அட்டையும் தந்தார்கள்.

முதலில் விமான கிளப்பின் எஷ்லிமான்.
மாரடைத்தவனை எட்டு நிமிடத்தில்
பேர்னுக்குத் தூக்கிப்போன ஹெலிகாப்டரைச் சொன்னார்.
அந்த மார்பே இரண்டாம் வரிசையில் எழுந்து நின்றது.
பிறகு ஒரு தாய்: பெட்ரோலில் ஈயம்,
மணல்தொட்டியில் பிள்ளைகள்.
பிறகு வானம்பாடிக்காக ஒருவர்:
ஓடுபாதைப் புல்லில் யாரும் கால் வைக்க முடியாது,
அதனால்தான் அது அங்கே முட்டையிடுகிறது,
விமானத்தை விரட்டினால் பறவையும் போய்விடும்.
பெரிய கைதட்டல். எனக்கே தலை சுற்றியது.
பிறகு தச்சர் ஹூகி:
"என் மகன் இரண்டு குழந்தைகளோடு
என் நிலவறையில் இருக்கிறான்.
அங்கே அறுநூறு வீடு கட்டலாம்."
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

போன செவ்வாய் உர்சுலா கேக்கோடு வந்திருந்தாள்.
நீ பேச வேண்டும் ரூபி,
விமானச் சத்தம் உனக்கு
எதை நினைவூட்டும் என்று சொன்னால் போதும்,
சபை கரைந்துவிடும்.
ஒன்றரைப் பக்கம் அவளே எழுதியும் வைத்திருந்தாள்.
என் பயத்துக்கு அவ்வளவு நல்ல ஜெர்மன்
நான் பார்த்ததில்லை.
கேக்கை வாங்கிக்கொண்டேன்.
தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.
பொம்பரை முதலில் கேட்பது முழங்கால்,
காதுக்கு அது பிறகுதான்.
இந்த செஸ்னா
மிக்சியில் உளுந்து அரைபடுகிற சத்தம்,
தண்ணீர் கொஞ்சம் குறைந்த உளுந்து.

பேசியிருந்தால் வேறொன்றைச் சொல்லியிருப்பேன்.
அதை அங்கே யாரும் சொல்லவில்லை:
ஓடுபாதைத் தெருவில் மூன்றறை வீடு
ஆயிரத்து இருநூறு ஃபிராங்க்.
சத்தம் போட்ட தள்ளுபடி.
அமைதி வந்தால் பின்னாலேயே
அளவுநாடாவோடு ஒருவர் வருவார்,
பால்கனிக்குக் கண்ணாடி வைப்பார்,
நானும் எரித்திரியாக்காரி செலாமும்
மேல்மாடிப் போர்த்துக்கீசரும்
வேறொரு சத்தத்தைத் தேடிப் போவோம்.
இப்படி நினைக்கும்போதே
ஹூகியின் மகன் நிலவறையில்
தலை இடிக்காமல் குனிந்து நடக்கிறான்.

"மூட வேண்டும் என்போர்."

கைகள்.
திருகாணி நிமிர்ந்தால் நிமிர்ந்ததுதான்.
கை அப்படியில்லை.
காதுவரை போய்த் தலையைச் சொறிந்துவிட்டு
இறங்குகிறது ஒன்று.
மனைவி திரும்பியதும் மடங்குகிறது ஒன்று.
எண்பத்து மூன்று.
மறுபடி எண்ணினால் எண்பத்தொன்று.
"எண்ணுகிறவரும் வாக்களிக்கலாம்,"
தலைவி நினைவூட்டினார்.
வலது கையில் பென்சில்,
இடது கையில் அட்டை.

எண்பத்திரண்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

மொத்த வித்தியாசம் நான்கு.
உடனே பின்வரிசையில் ஒரு கண்ணாடிக்காரர்:
மூன்றாம் பகுதியில் உதடுகள்
இரண்டுமுறை எண்ணியதைப் பார்த்தாராம்.
அரை மணி நேரம் சட்டப்புத்தகம் புரண்டது.
சரி, பெட்டி வாக்கு, இலையுதிர்காலத்தில்.
யாரும் என்னை முறைக்கவில்லை.
ஹூகி மட்டும் சைக்கிள் பூட்டைத் திறக்க
வெகுநேரம் எடுத்தார்.

காலை ஏழு நாற்பது.
முதல் செஸ்னா.
அலமாரியில் கோப்பைகள் பேசத் தொடங்கின,
கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன்,
வழக்கம்போல்.
உர்சுலாவின் கேக் தட்டும் உள்ளே ஆடுகிறது.
திருப்பிக் கொடுக்க வேண்டும்.
வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாது.
உளுந்தை ஊறப் போட்டேன்.