எழுநூற்று அறுபது

மாதத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை
சுவான்சி சந்தைக்குப் போவேன்,
எதையும் வாங்குவதற்கல்ல.
கழுத்தில் அட்டை, கையில் நனையாத உறை போட்ட டேப்லெட்.
அட்டையில் சிவபாக்கியம் என்று இருக்கிறது;
யாரும் அதை முழுதாகப் படித்து முடித்ததில்லை.
விலைக்காரி என்பார்கள். சரிதான்.

மட்டி, ஒரு கிண்ணம்.
ஆண்கள் சட்டை, முழுக்கை, பருத்தி.
சாவி நகலெடுக்க. நாய்க்கு முடிவெட்ட.
போன மாதம் எதைத் தொட்டேனோ
அதையே இந்த மாதமும் தொட வேண்டும்,
அதே கடை, அதே எடை, அதே பெயர்.
மலிவானது பக்கத்திலேயே இருந்து கண்ணடிக்கும்.
பார்க்கக் கூடாது.

எங்கள் மொழியில் அளப்பது இரண்டு வகை.
நெல்லை அளப்பது. கதை அளப்பது.
தேர்தல் வந்தால் இரண்டும் ஒரே வாசலுக்கு வரும்.
ஆளும் கட்சிக்காரர் கதவைத் தட்டி
"பணவீக்கம் பாதியாகிவிட்டது" என்றார்.
எதிர்க்கட்சிப் பெண் மறுநாள் வந்து
"எந்த விலையாவது இறங்கியதா, சொல்லுங்கள்" என்றாள்.
இருவரும் கொண்டுவந்தது என்னைப் போன்றவர்கள் பொறுக்கிய எண்தான்.
இருவரும் பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல்.
மாடி ஏறுகிறவன் மெதுவாக ஏறினால்
இறங்குகிறான் என்று ஆகுமா?
ஆகாது. ஆனாலும் முன்பு போல் தாவவில்லை,
அதையும் சொல்லத்தானே வேண்டும்.
கதவைப் பிடித்தபடி இதை விளக்க ஆரம்பித்தேன்.
அவளுக்கு இன்னும் நாற்பது கதவுகள் இருந்தன.

ரொட்டிக்கடை கெத்தின் கேட்டான்:
"நீ எழுதுவதை வைத்துத்தானே அவர்களுக்கு மார்க் போடுகிறார்கள்?"
ஒருவகையில் ஆமாம் என்றேன்.
"அப்படியென்றால் ஐம்பது பென்ஸ் கூட்டி எழுது. உறைக்கட்டும்."
அடுப்புக்கான கேஸ் பில்லை என் முகத்துக்கு நேரே ஆட்டினான்.
அவன் கோபம் நியாயம். பில்லும் உண்மை.
பலகையில் இரண்டு பவுண்டு நாற்பது.
இரண்டு பவுண்டு நாற்பது என்று எழுதினேன்.

அவனுக்குச் சொல்ல நினைத்தது ஆங்கிலத்தில் வரவில்லை:
செங்கோல் என்று ஒரு கோல் எங்களிடம் உண்டு.
அது நேரா வளைந்ததா என்று பார்க்க
இன்னொரு கோல் வேண்டும்.
அந்த இரண்டாவதை நாமே நம் வசதிக்கு வளைத்துவிட்டால்
முதலாவதன் கோணல்
பக்கத்தில் வைத்தாலும் தெரியாது.

எண் வந்தது. முந்தைய மாதத்தைவிடப் புள்ளி இரண்டு குறைவு.
அமைச்சர் அதைப் பிறந்தநாள் கேக் போல ஏந்திக்கொண்டு
கேமரா முன் நின்றார்.
கேக்கின் உள்ளே எங்கோ என் மட்டி, என் சாவி,
என் ஈரக் காலுறை.
பெருமையா வயிற்றெரிச்சலா, தெரியவில்லை.
வாடகை போக மிச்சத்தை எண்ணினேன்;
அது புள்ளி இரண்டைப் பற்றிக் கேள்விப்படவே இல்லை.
மாடிவீட்டு எலினெட் கேட்டாள்,
"உன் எண்ணைச் சாப்பிட முடியுமா?"
முடியாது. தெர்மாமீட்டரைக் கடித்துத் தின்றாலும்
காய்ச்சல் போகாது, எலினெட்.

அடுத்த செவ்வாய் கெத்தின் முகம் கொடுக்கவில்லை.
பலகையைப் பார்த்தேன். அதே இரண்டு நாற்பது.
'மாற்றமில்லை' என்ற கட்டத்தைத் தொடப் போனேன்.
"நில்."
ரொட்டியை எடுத்துத் தராசில் வைத்தான்.
எண்ணூறு இருக்க வேண்டிய இடத்தில்
எழுநூற்று அறுபது.
"மூன்று வாரமாக" என்றான், தராசைப் பார்த்தபடியே.
"யாரும் கேட்கவில்லை."

நானும் கேட்டிருக்க மாட்டேன்.
விலை அதே, எடை குறைவு: எங்கள் கணக்கில் அது ஏற்றம்.
எழுதினேன்.
அவன் பலகையில் இருந்த எண்ணூறை
மாவு ஒட்டிய கட்டைவிரலால் தேய்த்தான்.
எட்டு மட்டும் லேசாகத் தெரிந்தது.

அடுத்தது நாய்க்கு முடிவெட்டும் கடை.
சிறிய நாய், குளியலோடு.
வெளியே மழை பிடித்திருந்தது.