பதினேழு

முதல் வேலை, மைக்கோடு.
பின்னங்காலில், கணுவுக்குச் சற்று மேலே ஒரு சுற்று.
அந்தக் கோடு வரைதான் பாதரசத்தில் முக்க வேண்டும்,
கூடினாலும் குறைந்தாலும் கணக்குப் பொய்.
அழியாது என்று எழுதிய பேனா, நான்கு நாளில் மங்கும்,
மறுபடி போடுவேன்.
சிவதாபுரத்தில் பிறந்தவளுக்கு அது கோடாகவா தெரியும்?
திருகு வைக்காத கொலுசு.

பதினெட்டு எலி, மூன்று கூண்டு.
நோயை நாங்களே கொடுத்தோம்,
ஊசி முனையில் பால்போல் ஒரு துளி.
மறுநாளே பாதம்
ஊறிய ஜவ்வரிசியாய் உப்பிப் பளபளத்தது.

மருந்துக்கு மூன்று புட்டி. அ, ஆ, இ.
எதில் ரஸ் டாக்ஸ், எதில் வலி மாத்திரைக் கரைசல்,
எதில் வெறும் சாராயமும் தண்ணீரும் என்பது
ஹபீபா மேடத்தின் பீரோவுக்குத்தான் தெரியும்.
எனக்குத் தெரிந்தால் என் கண் சாயுமாம்.
செடிச் சாற்றை நூறில் ஒன்றாக்கி, அதையும் நூறில் ஒன்றாக்கி,
முப்பது முறை.
பிறகும் அதில் செடி இருக்குமா மேடம்?
'அதைத்தானே பார்க்கிறோம்.'

மருந்து நூலோ நோயாளியிடம் கேட்கச் சொல்கிறது:
காலையில் எழும்போது கூடுதலா?
ஈரக்காற்றுக்குக் கூடுதலா?
நடக்க நடக்க விடுகிறதா?
என்ன கனவு வருகிறது?
ஒருநாள், சடையன் இல்லாத நேரம் பார்த்து
நான் கேட்டேன்.
மீசை அசைந்தது.
நோட்டில் மில்லிலிட்டருக்கு மட்டும்தான் கட்டம்.

பதினான்காம் நாள் ஏற்காட்டு மலை காணாமல் போனது.
மேகம் அடிவாரம் வரை இறங்கி
ஜன்னல் முழுக்க வெள்ளை.
படுத்தவை படுத்தபடி. எழுந்தவை மூன்று காலில்,
நான்காவதை யாரிடமோ காட்டுவதுபோல் தூக்கிக்கொண்டு.
பதினேழு மட்டும்
கம்பியைப் பற்றி எழுந்து நின்றது,
வீங்கிய காலை ஊன்றி.
மழையைப் பார்த்ததா,
சடையன் கைத் தீனியைப் பார்த்ததா.
'இதுக்குக் கேட்டுருச்சுங்க' என்றார் அவர்.
வெள்ளக்கடையிலிருந்து நனைந்து வந்தவர்,
சட்டை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

இருபத்தெட்டாம் நாள் ஈதர்.
குணமானதும் ஆகாததும் ஒரே ஜாடிக்குள்.
மூட்டைச் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஒட்ட வேண்டும்.
எங்கே வெட்டுவது என்று தேடவில்லை,
கோடு இருந்தது.
நான் போட்டது.

அதற்கு அடுத்த வாரம் உறையைப் பிரித்தோம்.
'அ', செடி. வீக்கம் சராசரியில்
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு குறைவு.
மாத்திரைக் கூண்டில் அதைவிடக் குறைவு.
பதினேழு குடித்தது 'இ'.
சாராயத் தண்ணீர்.
அதை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டவள் நான்தான்.
மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.
பிறகு தானே எழுதினார், பதினேழு,
ஒரு எண்ணும் விடாமல்.

வெற்றுக் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார் சடையன்.
முட்டி மடங்காது,
குனிந்தேதான் தேய்ப்பார்.
'அ புட்டியில மிச்சம் இருக்குங்களா?'
இருந்தது. கொடுக்கக் கூடாது.
'இ'யிலும் இருந்தது.