நடுக்கட்டம்

கூட்டைத் தட்டிப் பார்த்தேன்.
தகரம் தகரமாகத்தான் பேசியது.
இடது மூலையில் உள்ளங்கை அளவு பள்ளம்.
பெயின்ட் அடிக்க வந்தவனின் ஏணி சாய்ந்ததாம்,
ஆடியோ ஆவணியோ.
கீழ்த் திருகு ஒன்று இல்லை.
அந்த இடத்தில் கட்டுக்கம்பி,
கம்பிக்கு மேல் எம்-சீல்,
எம்-சீலின் மேல் யாரோ ஒருவரின்
கட்டைவிரல் ரேகை.

ஏற்காடு. ஒண்டிக்கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.
எட்டு அறைக்கும் வெந்நீர் தரும் பாய்லர்
துணி மடிக்கும் அறையின் சுவரில்
நாள் முழுக்க எரிகிறது.
வெளியே பனி, சில்வர் ஓக் மரங்களை
ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வருகிறது.

மேலாளர் இருதயசாமி கேட்டார்:
"மேல் மூடிதானே தம்பி,
பம்பர் நசுங்கினா வண்டி ஓடாதா?"

ஓடும்.
சில பாய்லருக்குக் கூடு வெறும் சட்டை,
கிழிந்தால் அசிங்கம், அவ்வளவுதான்.
சிலதுக்கு அது தோல்.
இது தோல் ரகம்.
வெளிக்காற்றைக் குழாயில் இழுத்து
உள்ளேயே எரித்து
வெளியே துப்பவேண்டியது.
இதன் மூச்சுக்கும் அறையின் மூச்சுக்கும் நடுவே
இந்தத் தகரமும்
சுண்டுவிரல் அகலத்தில் ஒரு ரப்பர் பட்டையும்.
உள்ளே விசிறி தள்ளுகிறது.
தள்ளப்படுகிற எதுவும் சந்து தேடும்.

படிவத்தில் மூன்று கட்டம்:
உடனடி ஆபத்து.
ஆபத்துக்கு இடமுண்டு.
தரத்துக்குக் குறைவு.

நடுக்கட்டம் நல்ல கட்டம்.
அதில் டிக் போட்டால்
விடுதிக்காரர் டீ வாங்கித் தருவார்,
கம்பெனி ஏன் என்று கேட்காது,
நாளைக்கு ஏதாவது ஆனால்
"அப்பவே சொன்னோமே" என்று சொல்லிக்கொள்ளலாம்.
பதினொரு வருஷத்தில்
எத்தனை முறை அதற்குள் குடியிருந்தேன்
என்பதற்குக் கணக்கில்லை.
அஸ்தம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம்,
ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீன்.
இன்னும் எரிந்துகொண்டிருக்கின்றன.
எரிந்துகொண்டிருக்கின்றன என்றுதான் நினைக்கிறேன்.

அளக்கும் கருவி கம்பெனியில் ஒன்றுதான்,
அது இன்றைக்கு ஓசூரில்.
ஊதுபத்தி கேட்டேன்.
வரவேற்பறையில் மாதா படத்தின் கீழிருந்து
ஒன்று வந்தது.
விளிம்போரம் மெல்ல நகர்த்தினேன்.
மேலே, புகை நேராக நின்றது.
வலப்பக்கம், நேராக.
இடது மூலைக்கு வந்ததும்
முகத்தைத் திருப்பிக்கொண்டது,
கடன் கொடுத்தவர் எதிரே வந்தாற்போல.
ஒரே ஒரு தரம்.

"கதவு தொறந்ததுல காத்து வந்திருக்கும்."
வந்திருக்கலாம்.
கதவைச் சாத்திவிட்டு மறுபடி வைத்தேன்.
பாதி திரும்பியது.
பாதிக்குப் படிவத்தில் இருக்கும் இடம்
நடுக்கட்டம்தான்.
பேனா அங்கேயே போய் நின்றது.

அப்போது போர்வை எடுக்க வந்தார் ராமாயி,
நாகலூர்க்காரர்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பத்திப் புகைக்கு முகம் சுளித்துத் தானாகச் சொன்னார்:
"இது வேறயா?
இங்க மடிக்க உக்காந்தாலே
தல கிண்ணுனு வலிக்குதுங்க.
காப்பிச் செடிப் பக்கம் போய் நின்னா விட்டுடுது."

எத்தனை நாளா?

"பெயின்ட் அடிச்சதுலேர்ந்து.
அந்த வாசந்தான்."

பெயின்ட் அடித்து நாலு மாதம் ஆகிறது.
அதற்கு வாசமே கிடையாதும்மா என்றேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
இருதயசாமி போர்வை அடுக்கையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

வால்வை மூடினேன்.
சிறு கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சுடர்
ஒருமுறை குனிந்தது, போய்விட்டது.
விசிறி மட்டும் கொஞ்ச நேரம்
எல்லோரும் எழுந்துபோன பிறகும்
பேச்சை முடிக்காதவர்போல் சுற்றி நின்றது.
முதல் கட்டம்.
சிவப்பு அட்டையை நூல் போட்டுக் கட்டினேன்.
"சாயங்காலம் ஆறு ரூமுக்கு ஆள் வருது"
என்றார், யாரிடமோ.

டீ வரவில்லை.

இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில்
வண்டியை ஓரங்கட்டினேன்.
கீழே சேலம் விளக்குப் போட ஆரம்பித்திருந்தது.
அஸ்தம்பட்டி எந்தப் பக்கம் என்று
தேடிக்கொண்டிருந்தேன்.
மண்டபத்துக்காரரின் நம்பர்
இன்னும் போனில் இருந்தது.
ஆறாவது ரிங்கில் எடுத்தார்.
"சத்தமாச் சொல்லுங்க" என்றார்.
பின்னால்
கெட்டிமேளம்.