இருபத்து மூன்றாம் எண் விசில்

மஞ்சள் பிளாஸ்டிக், மொத்தம் நாற்பது.
அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து
சமூகக்கூடத்து மேசையில் கொட்டினார் சார்ஜென்ட்.
ஒரு தடவை ஊதினால் அந்நிய நடமாட்டம்.
மூன்று தடவை என்றால் எல்லோரும் வெளியே.
வால்பரைசோவின் இந்தக் குன்றுக்கு
நூற்றுப் பன்னிரண்டு படிகள்;
போலீஸ் வண்டியால் ஒன்றில்கூட ஏற முடியாது.
"அதனால்தான் நீங்கள்" என்றார்.
ஏறி வந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

கையெழுத்துப் போட்டு வாங்கினோம்.
என்னுடையது இருபத்து மூன்று.

முதல் மாதம் பூனைகளைப் பார்த்து ஊதினோம்.
காஸ் சிலிண்டர் சுமந்து வருபவனைப் பார்த்து ஊதினோம்.
குடித்துவிட்டு ஆர்த்தெமியோ
தன் வீட்டுக் கதவையே தடவிக்கொண்டிருந்த இரவில்
ஊதியவள் அவன் மனைவி.
அன்று சிரித்த சிரிப்பில்
எட்டு வருடம் முகம் திருப்பியிருந்த இரண்டு வீடுகள்
பேசிக்கொண்டன.
அறுபதாம் படியில் செத்துக் கிடந்த விளக்குக்காக
நகராட்சிக்கு ஏழு மனு போட்டிருந்தோம்;
எட்டாவதை எழுதாமல்
ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள் நூரி.
வெளிச்சம் வந்தது. திருட்டு குறைந்தது,
அல்லது குறைந்தது என்று சொல்லிக்கொண்டோம்.

ஆகஸ்ட். மழை.
மூன்று தடவை.

துடைப்பம், வாணலி, இரும்புக் குழாய்,
ஒருவர் கையில் மகனின் ஸ்கேட் பலகை.
தகர அடுக்குக்குப் பின்னாலிருந்து இழுத்தார்கள்.
பதினைந்து வயதிருக்கும். ஒரு காலில்தான் செருப்பு.
யாருடைய டிரில் மெஷினையோ
குழந்தையைப் போல அணைத்திருந்தான்.
மேல் சந்து மைக்கோல்.
என் பேக்கரியில் நேற்றைய ரொட்டியைப்
பாதி விலைக்குக் கேட்பவன்.

கம்பத்தில் கட்டுங்கள் என்றது ஒரு குரல்.
நாங்கள் உயிர் கொடுத்த விளக்கின் கம்பம்.
உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாள்
ஏதோ ஒரு சமையலறையிலிருந்து
வெங்காய வாசனையோடு வந்தது.
முதல் அடி யாருடையது?
இன்றுவரை யாருக்கும் தெரியாது.
அத்தனை கண்ணும் விழித்திருந்த தெரு அது.

ஊதினேன்.
மூன்று. மறுபடி மூன்று.
"எல்லோரும் இங்கேதானே இருக்கிறோம்,
யாரைக் கூப்பிடுகிறாய்?" என்றான் ஆர்த்தெமியோ.
பதில் சொல்ல வாய் காலியாக இல்லை.
ஓங்கிய குழாய் ஒன்று
தன் கனத்தை உணர்ந்ததுபோல் மெல்ல இறங்கும்வரை
ஊதிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் சார்ஜென்ட்
இறங்கும் கோடு வரைந்த தாளைக் காட்டினார்.
கைதட்டினோம், கொஞ்சம் முன்கூட்டியே.
கதவருகே, நாற்காலி இருந்தும் உட்காராமல்,
மைக்கோலின் தாய்.
"விசில் ஒன்று மிச்சமிருக்கிறதா?"
எல்லோரும் தாளைப் பார்த்தார்கள்.

சாவிக்கொத்திலிருந்து என்னுடையதைக் கழற்றினேன்;
நகம் ஒன்று உடைந்தது.
பெயர் மாற்றி எழுதப் பேனாவைத் திறந்தார் சார்ஜென்ட்.
இருபது வருடமாக இந்தப் படிகளில் ஏறி இறங்குகிறவள்.
ரொசெந்தா, என்றாள்.
அவருக்குத் தெரிந்தபோதுதான்
எங்களுக்கும் தெரிந்தது.